பழைய புல்வெட்டும் இயந்திரத்தில் பெட்ரோல் கோளாறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் தனி வீடுகளிலும் அடுக்ககத் தோட்டங்களிலும் இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய சிறிய பெட்ரோல் இயந்திரங்கள் இன்னமும் நிறையவே இருக்கின்றன. தள்ளிச் செல்லும் புல்வெட்டி, கிணற்றிலிருந்தோ தொட்டியிலிருந்தோ நீர் இறைக்கும் சிறு பம்ப், தோளில் மாட்டிக்கொள்ளும் புதர்வெட்டி ஆகியவையே இவற்றில் பெரும்பான்மை. கீழே உள்ள பதில்கள், தனியாகச் சொல்லப்படாத இடங்களில், ஒற்றை சிலிண்டரும், ஃப்ளோட் (கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) வைத்த கார்புரேட்டரும் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பாகம்) கொண்ட ஃபோர் ஸ்ட்ரோக் இயந்திரங்களுக்கு உரியவை. டூ ஸ்ட்ரோக் புதர்வெட்டிகளுக்குத் தனிக் கேள்வி ஒன்று உண்டு.

கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை. கோளாறு பெட்ரோலிலா, பிளக்கிலா என்று எப்படிக் கண்டறிவது?

சோக்கைப் போட்டு ஐந்தாறு முறை இழுத்தபின் உடனே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பாருங்கள். நுனி உலர்ந்திருந்து பெட்ரோல் வாசனையும் இல்லாவிட்டால் எரிபொருள் சிலிண்டருக்குள் வரவே இல்லை என்று பொருள். நனைந்து சொட்டுமளவுக்கு இருந்தால் எரிபொருள் வருகிறது. தேவைக்கு மேல் வருகிறது, அல்லது வந்தது பற்றவில்லை.

உலர்ந்திருந்தால் இன்னொரு சோதனையையும் செய்துவிடுவது நல்லது. பிளக் துளை வழியாக நான்கைந்து சொட்டு புதிய பெட்ரோலை விட்டு, பிளக்கை முறுக்கிப் பொருத்தி, கயிற்றை இழுங்கள். இரண்டு மூன்று விநாடி ஓடி நின்றுவிட்டால் காயில் (பொறிக்கான மின்சாரத்தைத் தருவது), பிளக், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) ஆகிய மூன்றும் வேலை செய்கின்றன என்பது உறுதியாகிவிடும். அதன்பின் தேட வேண்டிய இடம் டேங்கின் மூடிக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலுள்ள பாதை மட்டுமே. சிறு சீறல்கூட இல்லாவிட்டால், பிளக்கின் இடைவெளியை (பெரும்பாலான பழைய இயந்திரங்களுக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர்) சரிபார்த்துப் பொறி வருகிறதா என்று பாருங்கள். அப்போது பிளக்கைத் திறந்த துளையின் அருகே பிடிக்கக் கூடாது. துளையிலிருந்து வெளிவரும் பெட்ரோல் ஆவி அந்தப் பொறியிலேயே பற்றிக்கொள்ளும்.

இந்த இரண்டு சோதனைகளுக்கும் பிளக் ஸ்பானர் ஒன்று போதும். ஆனாலும் நம்மில் பலர் முதலில் கைவைப்பது கார்புரேட்டரில்தான். நன்றாக இருக்கும் கார்புரேட்டரை அவிழ்த்து, கேஸ்கெட்டைக் கிழித்து, இல்லாத கோளாறை வரவழைப்பது இந்தத் தொழிலில் மிக அதிகமாக நடக்கும் வீண் வேலை.

டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. அது கார்புரேட்டர் வரை வந்து சேர்கிறதா என்று பார்ப்பது எப்படி?

டேங்கிலிருந்து இறங்கும் பெட்ரோலை மூடித் திறக்கும் காக்கை மூடி, கார்புரேட்டரில் சேரும் டியூபைக் கழற்றி, அதன் முனையை ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் விட்டுக் காக்கைத் திறந்துவிடுங்கள். ஐந்து குதிரைத்திறன் கொண்ட பழைய இயந்திரம் முழுச் சுமையில் ஓடும்போதுகூட மணிக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர்தான் குடிக்கும். அதாவது நிமிடத்துக்கு 35 மில்லி லிட்டருக்கும் குறைவு. எனவே மெல்லிய நூலாக, அறுபடாமல் ஒழுகினாலே போதும். சொட்டுச் சொட்டாக விழுந்தாலோ, முதலில் ஒழுகிப் பின் சொட்டாகக் குறைந்தாலோ அடைப்பு இருக்கிறது.

டேங்கின் மூடியைத் திறந்ததும் ஒழுக்கு சரியானால் குற்றம் மூடியினுடையது. மாறாவிட்டால் காக்கின் மேல்முனையில் டேங்குக்குள் நிற்கும் சல்லடை, வழியிலுள்ள ஃபில்டர், டியூப் என்று வரிசையாகப் பாருங்கள். பழைய டியூப் வெளியே நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் உட்சுவர் உப்பி வழியை அடைத்திருக்கலாம். வன்பொருள் கடையில் கிடைக்கும் நீர்மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற டியூபைச் சிலர் மாட்டிவிடுகிறார்கள். அது சில மாதங்களில் விறைத்து, மஞ்சளாகி, முனையில் வெடித்துவிடும். மொபெட்டுக்கென விற்கும் பெட்ரோல் டியூபின் உள்விட்டம் பெரும்பாலான சிறு இயந்திரங்களுக்குப் பொருந்திவிடும்.

பாட்டிலில் பிடித்த பெட்ரோலைக் கொட்டிவிடாமல் சற்று நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனியாகப் படலம் நின்றால் நீர் கலந்திருக்கிறது. தூள் படிந்தால் பாட்டிலுக்கு வெளியே ஒரு காந்தத்தை நகர்த்துங்கள். தூளும் கூடவே நகர்ந்தால் அது டேங்கின் துரு.

நன்றாக ஸ்டார்ட் ஆகி, கால் மணி நேரம் ஓடியபின் தானாக நின்றுவிடுகிறது. சற்றுப் பொறுத்து இழுத்தால் மறுபடி ஓடுகிறது. ஏன்?

டேங்கின் மூடியிலுள்ள காற்றுத்துளை அடைத்திருப்பதே இதற்கு முதல் சந்தேகம். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போயாக வேண்டும். போகாவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, ஒழுக்கு நின்றுவிடும். இயந்திரம் நின்றபின் காற்று மெல்ல மெல்லக் கசிந்து உள்ளே போவதால் அரைமணி கழித்து ஒன்றும் நடவாததுபோல் ஓடும். அடுத்த முறை நின்றவுடன் மூடியைத் தளர்த்துங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் ஓசை கேட்டு, உடனே ஸ்டார்ட் ஆனால் ஐயமே இல்லை. மண்கூடு கட்டும் வேட்டுவன் குளவிக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை; ஷெட்டில் பல மாதம் நின்ற இயந்திரத்தின் மூடித்துளை, சைலன்சரின் வாய், ஏர் ஃபில்டரின் உறிஞ்சுவழி ஆகிய மூன்றிலும் அதன் மண் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

மூடி சரியாக இருந்து, கத்திரி வெயில் காலத்தில் மட்டும் இப்படி நடந்தால், டியூபுக்குள் பெட்ரோல் ஆவியாகிக் குமிழ் அடைத்திருக்கலாம். சைலன்சரை ஒட்டிச் செல்லும் டியூபை விலக்கிக் கட்டுங்கள். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள தடித்த வெப்பத்தடுப்பு கேஸ்கெட் அதன் இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்னர் யாரோ பழுதுபார்த்தபோது அதை விட்டுவிட்டு வெறும் காகிதக் கேஸ்கெட்டை வைத்திருப்பது வழக்கமாகக் காணும் காட்சி.

சூடானபின் பொறியே வராமல் போவது வேறு கதை. அது காயிலின் கோளாறு. நின்ற உடனே பிளக்கைச் சோதித்தால் தெரிந்துவிடும்.

சோக் போட்டிருந்தால் ஓடுகிறது. சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது. இதற்கு என்ன பொருள்?

சோக் என்பது காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டுவது. சூடானபின்னும் சோக் இல்லாமல் ஓடாத இயந்திரத்துக்குப் பெட்ரோல் குறைவாக வருகிறது, அல்லது கூடுதல் காற்று வேறு வழியில் நுழைகிறது.

கூடுதல் காற்றை முதலில் விலக்கிவிடலாம், ஏனென்றால் அதற்கு எதையும் கழற்ற வேண்டியதில்லை. இயந்திரத்தைச் சோக்கிலேயே ஓடவிட்டு, கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இணைப்பைச் சுற்றிச் சிறு தூரிகையால் எஞ்சின் ஆயிலைத் தடவுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் தடவும்போது ஓட்டத்தின் ஒலி மாறினால் அங்கே கசிவு இருக்கிறது. கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்துச் சோதிக்கும் வழக்கத்தைச் சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் பின்பற்ற வேண்டாம்.

கசிவு இல்லையென்றால் மெயின் ஜெட்டில் (பெட்ரோலை அளந்து விடும் நுண்துளை கொண்ட பித்தளைத் திருகு) பழைய பெட்ரோலின் பிசின் படிந்திருக்கிறது என்று கொள்ளலாம். இப்படி ஓடும் இயந்திரத்தைச் சோக்கிலேயே வைத்து ஓட்டிக்கொண்டிருப்பது கெடுதல். ஜெட்டின் அடைப்பு சுமைக்கேற்ப ஏறியும் இறங்கியும் தொல்லை தரும்; பெட்ரோல் குறைந்த கலவையில் சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடாகும்; அதிகமான கலவையிலோ எண்ணெய்ப் படலம் கழுவப்பட்டுப் பிஸ்டன் ரிங் தேயும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்தான் எல்லாக் கோளாறுகளுக்கும் காரணம் என்கிறார்களே?

எல்லாவற்றுக்கும் இல்லை. ஆனால் பழைய சிறு இயந்திரங்களைப் பொறுத்தவரை அது வெறும் வதந்தியும் இல்லை.

இந்தியாவில் எத்தனால் கலப்புத் திட்டம் 2003-இல் சில மாநிலங்களில் 5 சதவீதத்தில் தொடங்கியது. 2022 ஜூனில் கலப்பு நாடு தழுவிய அளவில் 10 சதவீதத்தை எட்டியது. 20 சதவீதக் கலவை 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் சாதாரண பங்க் பெட்ரோலாகவே ஆகிவிட்டது. உங்கள் புல்வெட்டியின் ஜெட் துளையிடப்பட்டபோது அதைச் செய்தவர் மனத்தில் இருந்த எரிபொருள் இதுவல்ல.

இதனால் மூன்று மாற்றங்கள் ஏற்படுகின்றன. தூய பெட்ரோல் ஒரு பங்கு முழுமையாக எரிய எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 20 சதவீதக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 பங்கு. துளை மாறாத பழைய ஜெட் அதே அளவு எரிபொருளையே விடுவதால், கலவை எட்டு சதவீதம் அளவுக்கு மெலிந்துவிடுகிறது. ஏற்கனவே சற்றுப் பிசின் படிந்து எல்லையில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை இந்த எட்டு சதவீதம் எல்லைக்கு அப்பால் தள்ளிவிடும். "பெட்ரோல் மாறியதிலிருந்து அரைச் சோக்கில்தான் ஓடுகிறது" என்று சொல்பவர்களின் அனுபவத்துக்கு இதுவே விளக்கம்.

இரண்டாவது மாற்றம் ரப்பரில் நிகழ்வது. பழைய டியூப், காக்கின் வாஷர், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழைவதை மூடித் திறக்கும் நீடில் வால்வின் ரப்பர் நுனி, ஓ ரிங் ஆகியவை எத்தனாலில் சில உப்பும், சில விறைத்து வெடிக்கும். மாற்றும்போது விட்டான் வகை ரப்பரைக் கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் ஆண்டுதோறும் மாற்றுவதை நினைத்தால் மலிவு.

மூன்றாவதுதான் சென்னைக்கே உரிய சங்கடம். எத்தனால் நீரை ஈர்த்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். காற்றிலேயே ஈரம் மிகுந்த கடற்கரை ஊரில், ஐப்பசி கார்த்திகை மழையில் ஷெட்டில் நிற்கும் டேங்குக்குள் நீர் சேர்வதற்கு ஓட்டையே வேண்டியதில்லை. மூடியின் காற்றுத்துளை போதும். ஓரளவு வரை அந்த நீர் கலந்தே இருக்கும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். இயந்திரம் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற இடங்களில் காற்றில் உப்பும் சேர்ந்துகொள்வதால், கார்புரேட்டர் கிண்ணத்தின் அலுமினியத்தில் வெள்ளைப் பொடியும் பித்தளை ஜெட்டில் பச்சைக் களிம்பும் காணக் கிடைக்கும்.

கலவை மெலிவதைச் சரிசெய்ய ஜெட்டின் துளையைப் பெரிதாக்கலாமா?

முதலில் உங்கள் கார்புரேட்டரின் அடியில் மெயின் ஜெட்டுக்கென்று திருகக்கூடிய ஊசித் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். மிகப் பழைய இயந்திரங்கள் பலவற்றில் அது உண்டு. அதை எட்டில் ஒரு சுற்று வெளிப்பக்கம் திருகினாலே வேலை முடிந்தது. வயதானதற்குக் கிடைக்கும் சலுகை இது. நிலையான ஜெட் கொண்டவற்றில் ஜெட்டையும் அதன் வழிகளையும் முழுமையாகச் சுத்தம் செய்தபின்னும் சோக் தேவைப்பட்டால் மட்டுமே அடுத்த பெரிய ஜெட்டைத் தேடுங்கள். எட்டு சதவீதப் பரப்புக்கு விட்டத்தில் நான்கு சதவீதம்தான் வேண்டும், 0.70 மில்லிமீட்டர் துளை 0.73 ஆனால் போதும். இவ்வளவு நுட்பமான வேறுபாட்டைக் கையால் ஊசியைத் திணித்துச் சுழற்றிப் பெற முடியாது.

நான் வாங்கும் பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று வீட்டில் பார்க்க முடியுமா?

முடியும். 100 மில்லி அளவுக்குழாயில் 90 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் விட்டு, வாயை அடைத்து நன்றாகக் குலுக்கி, நடுநடுவே அடைப்பைத் திறந்து ஆவியை வெளியேற்றி, கால் மணி நேரம் நிற்க விடுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கும். அடிப்படலம் 10 மில்லியிலேயே நின்றால் எத்தனால் இல்லை. 28 மில்லி அளவுக்கு ஏறினால் ஏறத்தாழ 20 சதவீதம். வெளியே, நிழலில், அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

இதே முறையில் எத்தனாலைப் பிரித்தெடுத்துவிட்டு மேலே நிற்கும் பெட்ரோலை ஊற்றிக்கொள்ளலாமே என்ற யோசனை உடனே தோன்றும். நான் பரிந்துரைப்பதில்லை. கலவையின் ஆக்டேன் எண்ணில் எத்தனாலுக்குப் பங்கு உண்டு. அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது தட்டல் ஒலி எழுப்பக்கூடிய தரக்குறைவான பெட்ரோல். பிரித்த நீரும் தீப்பற்றக்கூடியது. அதைக் கொட்ட நல்ல இடமும் இல்லை. புதிய பெட்ரோலைக் கொஞ்சமாக வாங்கி அன்றன்றே தீர்ப்பது இதைவிட எளிது.

கார்புரேட்டரைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால் எப்படிச் சுத்தம் செய்வது?

கழற்றுமுன் கவர்னரின் (இயந்திரத்தின் வேகத்தைச் சீராக வைக்கும் அமைப்பு) கம்பி எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது, ஸ்பிரிங் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதைக் கைப்பேசியில் நான்கு கோணங்களில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தை அவிழ்க்கும்போது அடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்தால் விழும் வாஷரும் தெரியும், கசடின் நிறமும் தெரியும்.

ஃப்ளோட்டின் ஊசியை உருவி, ஃப்ளோட்டையும் நீடில் வால்வையும் முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். அவற்றை வைத்துக்கொண்டே கம்ப்ரஸர் காற்றை ஊதினால் ஃப்ளோட் நசுங்கிவிடும். பிறகு மெயின் ஜெட்டைச் சரியான அகலமுள்ள ஸ்க்ரூடிரைவரால் கழற்றுங்கள். சிறிய ஸ்க்ரூடிரைவர் பித்தளையின் வெட்டைச் சிதைத்துவிடும். சிதைந்த ஜெட்டை எடுப்பதற்குள் அந்தியாகிவிடும். ஜெட்டுக்கு மேலே, நடுத்தண்டுக்குள், பக்கவாட்டில் நுண்துளைகள் கொண்ட பித்தளைக் குழல் ஒன்று நிற்கும். ஜெட்டைச் சுத்தம் செய்துவிட்டு இந்தக் குழலை மறந்துவிடுவதாலேயே பலருக்கு "சுத்தம் செய்தும் சரியாகவில்லை" என்ற நிலை வருகிறது. கார்புரேட்டரைக் கவிழ்த்து மெல்லத் தட்டினால் அது வெளியே வந்துவிடும்.

துளைகளைக் குத்த எஃகு ஊசி, குண்டூசி, கிட்டார் கம்பி எதுவும் வேண்டாம். பித்தளை மெதுவானது, துளை அகன்றுவிடும். ஈர்க்குச்சி நல்லதுபோல் தோன்றும். ஆனால் நுனி உள்ளேயே முறிந்தால் எடுக்க முடியாது. மின்கம்பியிலிருந்து உரித்த ஒற்றைத் தாமிர இழையோ, மெல்லிய நைலான் தூண்டில் நரம்போ போதுமானது. உடலிலுள்ள வழிகள் ஒவ்வொன்றிலும் கார்ப் கிளீனரை அடித்து, அது மறுமுனையில் பீறிட்டு வருகிறதா என்று பாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அது எதிர்பாராத துளையிலிருந்துதான் வரும்.

பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போடும் நம் வீட்டு வழக்கத்தைக் கார்புரேட்டருக்கும் சிலர் நீட்டிக்கிறார்கள். ஜெட்டையும் குழலையும் மட்டும் தனியே எடுத்துச் சில நிமிடம் புளிக்கரைசலில் போட்டுக் கழுவினால் களிம்பு போகும் என்பது உண்மை. உடற்பகுதியைப் போடக் கூடாது. அலுமினியத்தையும் துத்தநாகக் கலப்பு உலோகத்தையும் அமிலம் அரித்துவிடும். எலுமிச்சைச் சாற்றுக்கும் இதுவே விதி.

பூட்டுமுன் நீடில் வால்வைச் சோதியுங்கள். ஃப்ளோட்டை மாட்டி, கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் நுழையும் வாயில் சுத்தமான டியூபை மாட்டி வாயால் ஊதினால் காற்று போகக் கூடாது. நேராகத் திருப்பினால் தாராளமாகப் போக வேண்டும்.

வேகம் ஏறுவதும் இறங்குவதுமாக ஓடுகிறது. கவர்னரைச் சரிசெய்ய வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். சுமையில்லாமல் ஓடும்போது பெட்ரோல் தரும் சிறிய ஜெட்டான பைலட் ஜெட்டில் அடைப்பிருந்தால் கலவை மெலிந்து வேகம் குறையும், கவர்னர் திராட்டிலைத் திறக்கும், வேகம் ஏறும், அது மறுபடி மூடும். கவர்னர் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருப்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். பைலட் ஜெட்டைச் சுத்தம் செய்யுங்கள். ஸ்பிரிங்கை இழுத்து வளைக்காதீர்கள். வேக வரம்பு மீறிச் சுழலும் புல்வெட்டியின் கத்தி ஆபத்தானது.

கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகுகிறது. எஞ்சின் ஆயிலிலும் பெட்ரோல் வாசனை வருகிறது.

ஆயில் குச்சியில் மட்டம் கோட்டுக்கு மேலே ஏறி, ஆயில் தண்ணீராக ஓடினால், இயந்திரத்தை ஒரு முறைகூட இழுக்காதீர்கள். பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. முழுவதையும் வடித்துப் புதிய ஆயிலை ஊற்றுவது காரணத்தைச் சரிசெய்தபின் செய்ய வேண்டிய முதல் வேலை.

காரணம் நீடில் வால்வு சரியாக அமராததே. நுனியில் தூசி, தேய்ந்த வளையம், விறைத்த ரப்பர், அல்லது பெட்ரோல் புகுந்து கனத்துப்போன ஃப்ளோட். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கினால் உள்ளே சலசலப்பு கேட்கும். கேட்காவிட்டாலும் வெந்நீரில் அமிழ்த்திப் பாருங்கள். குமிழ் வரும் இடத்தில் துளை. உள்ளே பெட்ரோல் ஆவி நிற்கும் ஃப்ளோட்டுக்கு வீட்டில் ஈயப் பற்று வைக்க முயல வேண்டாம், புதிதாக வாங்கிவிடுங்கள். வால்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேலை முடிந்ததும் காக்கை மூடும் பழக்கம் இருந்தால் இந்தக் கோளாறு ஆயில் வரை போகாது.

எங்களிடம் இருப்பது டூ ஸ்ட்ரோக் புதர்வெட்டி. அதற்கும் இவை பொருந்துமா?

பாதை ஒன்றுதான், உறுப்புகள் வேறு. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓட வேண்டும் என்பதால் அதில் ஃப்ளோட் கிடையாது. மெல்லிய டயாஃப்ரம் அந்த வேலையைச் செய்கிறது. டேங்குக்குள் ஒரு டியூபும் அதன் நுனியில் எடையுள்ள ஃபில்டரும் கிடக்கும். கைக்குமிழை அழுத்தினால் பெட்ரோல் ஏறாமல் காற்றே ஏறினால் அந்த டியூபில் வெடிப்பு இருக்கிறது. குமிழ் நிரம்பியும் ஓடாவிட்டால் நான்கு திருகுகளை அவிழ்த்து டயாஃப்ரத்தைத் தொட்டுப் பாருங்கள். துவண்டு வளைய வேண்டிய அது காய்ந்த வெற்றிலை போல் மொடமொடத்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. கேஸ்கெட்டோடு சேர்ந்த செட்டாக வாங்குவதே சரி.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலைக் கலப்பதில் கண்மதிப்பு கூடாது. 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி டூ டி ஆயில். 25-க்கு 1 என்றால் 40 மில்லி. பழைய இயந்திரங்களின் மூடியிலேயே விகிதம் பொறித்திருக்கும். எத்தனால் பெட்ரோலில் இதற்கு இன்னோர் அபாயமும் சேர்ந்துள்ளது: நீர் சேர்ந்து பிரியும்போது ஆயில் மேலேயுள்ள பெட்ரோலோடு தங்கிவிடும்; அடியில் கிடக்கும் ஃபில்டரோ ஆயிலே இல்லாத நீர்ப்படலத்தை உறிஞ்சும். பிஸ்டன் பிடித்துக்கொள்ள அதற்குமேல் வேறொன்றும் வேண்டாம். ஆகவே பழைய கலவை டேங்கில் இருந்தால், குலுக்கிப் பயன்படுத்தலாம் என்று எண்ணாமல் வடித்துவிடுங்கள்.

டேங்க் உள்ளே துருப்பிடித்துவிட்டது. காப்பாற்ற முடியுமா?

விரலால் அழுத்தினால் தகடு நெளியாதவரை முடியும். டேங்கைத் தனியே கழற்றி, காக்கையும் எடுத்துவிட்டு, சிறு இரும்புச் சங்கிலியை உள்ளே போட்டுக் குலுக்கிப் பொருக்கை உதிர்க்க வேண்டும். பின்னர் பாஸ்பாரிக் அமிலம் கொண்ட துருநீக்கியை அதன் டப்பாவில் சொன்ன நேரம் ஊறவிட்டு, சோடா உப்புக் கரைசலில் கழுவி, வெயிலில் முழுக்க உலர்த்தி, உடனே சிறிது டூ டி ஆயிலை உள்ளே சுழற்றிவிடுங்கள். உலர்த்தி ஒரு நாள் விட்டால்கூட நம் ஊர்க் காற்றில் புதுத்துரு பூத்துவிடும். அதன்பின் வழியில் ஒரு ஃபில்டர் கட்டாயம்.

வெள்ளநீரில் மூழ்கிய இயந்திரத்தை என்ன செய்வது?

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, முடிச்சூர்ப் பகுதிகளில் தரைத்தள ஷெட்டுகள் மூழ்கியது நினைவிருக்கும். மூழ்கிய இயந்திரத்தின் கயிற்றைச் சோதனைக்காகக்கூட இழுக்கக் கூடாது. சிலிண்டரில் நீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றி, துளை கீழ்நோக்கும்படி சாய்த்து நீரை வெளியேற்றி, டேங்க், கிண்ணம், ஆயில் மூன்றையும் வடித்துவிட்டு, சிலிண்டருக்குள் சிறிது ஆயில் விட்டு மெல்லச் சுழற்றுங்கள். இதைச் சில நாள்களுக்குள் செய்தால் பிழைக்கும். தை பிறக்கும்வரை தள்ளிப்போட்டால் பிஸ்டன் இறுகிவிடும்.

மழைக்காலம் முழுதும் பயன்படுத்தாமல் வைப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்? வீட்டில் பெட்ரோல் சேமிக்கலாமா?

டேங்கை வடித்துவிட்டு, காக்கை மூடி, இயந்திரம் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பிறகு கிண்ணத்தின் அடியிலுள்ள வடிதிருகையும் திறந்து எஞ்சியதை வெளியேற்றுங்கள். ஓடி நின்றபின்னும் கிண்ணத்தில் கொஞ்சம் தங்கும், பிசினாவது அதுதான். இரும்பு டேங்காக இருந்தால் உட்சுவரில் ஆயில் பூச வேண்டும். இந்தக் கால்மணி வேலையைச் செய்பவர்களுக்கு மேலே சொன்ன கேள்விகளில் பாதி எழுவதேயில்லை.

சேமிப்பைப் பொறுத்தவரை, 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி விற்பனைக்கல்லாத பெட்ரோலை 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்திருக்கலாம். ஆனால் அது இறுக மூடிய உலோகக் கலனிலோ (25 லிட்டருக்கு மேற்படாதது), ஒரு லிட்டருக்கு மேற்படாத கண்ணாடி அல்லது பீங்கான் கலனிலோ இருக்க வேண்டும். குடிநீர் பிளாஸ்டிக் பாட்டில் இந்த வரிசையில் இல்லை. பங்க்கில் அதில் ஊற்ற மறுத்தால் கோபப்படுவதில் நியாயமில்லை. சட்டம் 30 லிட்டர் அனுமதித்தாலும் சிறு தோட்டத்துக்கு இரண்டு லிட்டருக்கு மேல் வாங்குவது வீண். வெயில் காலத்தில் ஒரு மாதத்துக்கு மேல் நின்ற பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி குறைந்து, ஸ்டார்ட் ஆவது கடினமாகும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து செல்லும். ஆகவே சமையலறை, பூஜை விளக்கு, இன்வர்ட்டர் ஆகியவற்றின் அருகே கலன் இருக்கக் கூடாது.

பழைய இயந்திரத்துக்கு உதிரிபாகம் சென்னையில் எங்கே கிடைக்கும்?

டியூப், ஃபில்டர், காக் போன்ற பொதுவானவை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் வாகன உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். வழக்கொழிந்த கார்புரேட்டருக்குப் புதுப்பேட்டையில் அலைந்து பார்க்கலாம். பம்ப் சார்ந்தவற்றுக்குப் பாரிமுனைச் சந்துகள். பெயர் சொல்லிக் கேட்பதைவிடப் பழைய பாகத்தையே கையில் கொண்டுபோவது நல்லது. ஜெட்டின் மரை ஒரு நூலளவு மாறினாலும் பொருந்தாது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்னும் வாகனப் புகை விதி வந்தபின் புதிய இருசக்கர வாகனங்கள் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லாத ஃப்யூவல் இஞ்செக்‌ஷனுக்கு மாறிவிட்டதால், கார்புரேட்டரைக் கையாளத் தெரிந்த மெக்கானிக்குகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் பகுதியில் பழைய மொபெட்டுகளைப் பார்க்கும் மெக்கானிக் இருந்தால் புல்வெட்டியையும் தயங்காமல் அவரிடமே கொண்டுபோங்கள்.

வடித்த பழைய பெட்ரோலை என்ன செய்வது?

சாக்கடையிலோ மழைநீர் வடிகாலிலோ ஊற்றக் கூடாது. வடிகாலுக்குள் ஆவி தேங்கிப் பற்றும் அபாயம் உண்டு, மரத்தடியில் ஊற்றினால் வேர் கருகும். நீர் பிரியாமல், ஒன்றிரண்டு மாதம் மட்டுமே ஆகி, டூ டி ஆயில் கலக்காமலும் இருந்தால், துணியில் வடிகட்டிப் பழைய ஸ்கூட்டரின் நிறைந்த டேங்கில் ஒரு டம்ளர் அளவு சேர்த்துத் தீர்த்துவிடலாம். மற்றபடி பாகங்கள் கழுவ மெக்கானிக் கடைகளில் வாங்கிக்கொள்வார்கள். உலோகக் கலனில், அது என்ன என்று எழுதி ஒட்டிக் கொடுங்கள்.